பூனையின் 18 நகங்கள்: கொக்கியை மட்டும் வெட்டும் முறை

மடியில் படுத்திருக்கும் பூனை எழும்பிப் போகும்போது ஒரு கால் மட்டும் சாரனில் மாட்டிக்கொள்ளும். மருதமுனைக் கைத்தறியாக இருந்தால் நூல் வளையமாக இழுபட்டு வரும். பூனை பயந்து இன்னும் பலமாக இழுக்கும். நகம் பிளப்பதும் அடியோடு பிய்வதும் இப்படித்தான் நடக்கும். இதற்காக நகத்தை ஒட்ட வெட்டத் தேவையில்லை. நுனியில் வளைந்திருக்கும் கொக்கியை 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை எடுத்துவிட்டால் போதும், துணியில் மாட்டாது. வீட்டில் வெட்டும்போது பூனையின் நகத்தில் இரத்தம் வருவது இந்த அளவைத் தாண்டும்போதுதான்.

இங்கே பதிவாகியிருப்பவை இலங்கையின் கிழக்குக் கரையில் வளரும் இரண்டு பூனைகளின் நகங்கள். ஒன்று கல்லடியில் வீட்டுக்குள்ளேயே வளரும் 2 வயதுக் கடுவன். காலைத் தொட்டாலே இழுத்துக்கொள்ளும். மற்றது அக்கரைப்பற்றில் உள்ள 12 வயதுப் பெட்டைப் பூனை. சாதுவானது, ஆனால் நகங்கள் தடித்து உள்நோக்கி வளைந்துவிட்டன. முதலாவதில் பிடிப்பதுதான் வேலை, இரண்டாவதில் வெட்டுவதுதான் வேலை.

முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18 நகங்கள். முன்காலின் ஐந்தாவது நகம், நம் கட்டைவிரலைப் போல உள்பக்கமாகச் சற்று மேலே, மயிருக்குள் மறைந்திருக்கும். மறந்துபோவது எப்போதும் இதுதான், அதிகம் தொல்லை கொடுப்பதும் இதுதான். சில பூனைகளுக்குப் பிறப்பிலேயே விரல் கூடுதலாக இருக்கும். அப்படியானால் விரலிடுக்குகளில் முளைக்கும் நகத்தையும் விரித்துத் தேட வேண்டும்.

நாயின் நகம் நடக்க நடக்கத் தரையில் உரசித் தேயும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டுதான் நடக்கும். அதனால் “வளவெல்லாம் திரியுது, தானாத் தேயும்” என்ற பேச்சு பூனைக்குப் பொருந்தாது. அதன் நகம் வெங்காயம் மாதிரிப் படை படையாக வளர்வது. கதிரைக் காலிலோ மரத்திலோ பிறாண்டும்போது வெளிக்கோது கழன்று விழும், உள்ளே இருக்கும் புதுக் கூர் வெளியே வரும். கதிரைக்குக் கீழே பிறை வடிவத்தில் ஒரு வெற்றுக் கோது கிடந்தால் நகம் பிய்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். விரலில் எடுத்துப் பார்த்தால் உள்ளே குடைவாக இருக்கும், இரத்தம் இராது. கழன்ற கோதுதான் அது.

நகத்தின் அடிப்பகுதிக்குள் இளஞ்சிவப்பாக ஒரு முக்கோணம் தெரியும். இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை அது. அதிலிருந்து குறைந்தது 2 மில்லிமீற்றர் தள்ளித்தான் வெட்டு விழ வேண்டும். நகம் முளைப்பது விரலின் கடைசி எலும்பிலிருந்து. எனவே நகத்தை நிரந்தரமாக எடுத்துவிடச் சொல்லிக் கேட்பது, விரல் நுனி எலும்பையே வெட்டி எடுக்கச் சொல்வதுதான். பல நாடுகளில் அதற்குத் தடை உண்டு. பூனைக்கு அதைச் செய்யவே கூடாது.

வெட்டத் தொடங்குமுன் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும்: இந்தப் பூனைக்கு வெட்டலாமா? எங்கள் பக்கத்தில் ஒரு பூனை அரைவாசி நேரம் வீட்டில், அரைவாசி நேரம் வளவில். தெருநாய் துரத்தினால் முருங்கையிலோ மதிலிலோ ஏறித்தான் அது தப்ப வேண்டும். வெளியே திரியும் பூனையின் நகங்களை விட்டுவிடுவதே எங்கள் முடிவு. கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் மாதம் ஒருமுறை பார்த்து, வளைந்திருந்தால் அவற்றை மட்டும் நுனி எடுப்போம். வீட்டுக்குள் வளரும் பூனைக்கு முன்கால் நகங்களை 2 முதல் 3 கிழமைக்கு ஒருமுறை வெட்டலாம். பின்கால் நகங்கள் இயல்பிலேயே கொஞ்சம் மழுங்கியவை. அவற்றுக்கு மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும், பல தடவை வெட்டத் தேவையே வராது. மாரி மழையில் நாள்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் வளவுப் பூனையைத் திடீரென்று பிடித்து எல்லா நகத்தையும் வெட்டிவிட வேண்டாம். மழை விட்டதும் அது மரம் ஏறப் போகிறது.

ஆயுதம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாயில் அரைவட்டக் குழி உள்ள சிறு கத்தரி வகைப் பூனை நகவெட்டி சிறந்தது. நாய்க்குரிய பெரிய வெட்டி நகத்தை மறைத்துவிடும், எங்கே வெட்டுகிறோம் என்று தெரியாது. மனிதர் பாவிக்கும் நகவெட்டியும் குட்டிப் பூனைக்குச் சரிவரும், ஆனால் அதைப் பூனைக்கென்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் கூர் முக்கியம். மழுங்கிய அலகு நகத்தை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய நகம் நீளவாக்கில் பிளக்கும். பூனைக்கு வலிப்பது பாதி இந்த நசுக்கலில்தான்.

கூர் பார்க்க ஒரு காய்ந்த தென்னை ஈர்க்கு போதும். விளக்குமாற்றிலிருந்து ஒன்றை இழுத்து, அடிப்பக்கத்தில் வெட்டிப் பாருங்கள். “டிக்” என்ற ஒரே சத்தத்தோடு துண்டு தெறித்து, வெட்டு முகம் வட்டமாக இருந்தால் வெட்டி நல்லது. நார் இழுபட்டு முகம் தட்டையாகிப் போனால் அந்த வெட்டியைப் பூனைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். இந்த ஈர்க்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, கீழே வரும்.

பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டியவை: தடித்த துவாய் ஒன்று, பஞ்சு, சிறு தட்டில் ஒரு தேக்கரண்டி சோள மா, சலூனில் பாவிக்கும் சீனக்காரக் கட்டியைத் தூளாக்கியது ஒரு சிட்டிகை, போன் டோர்ச், பிறகு லஞ்சம். லஞ்சத்துக்கு உப்பும் புளியும் போடாமல் அவித்து, முள் எடுத்த சூடை மீன் நன்றாக வேலை செய்கிறது. சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகளாக 20 வைத்தால் போதும். கருவாடு வேண்டாம், உப்பு மிகவும் கூட.

கல்லடிக் கடுவனின் காலுக்குக் கிட்ட வெட்டியைக் கொண்டுபோனதே 6ஆம் நாள்தான். முதல் இரண்டு நாளும் மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் நேரத்தில், முன்காலை இரண்டு வினாடி தொட்டுவிட்டு ஒரு துண்டு மீன். அவ்வளவுதான். காலை இழுத்தால் விட்டுவிட வேண்டும், பின்தொடர்ந்து பிடிக்கக் கூடாது. பிடித்து வைத்தால் “கையை நீட்டினால் மாட்டுவோம்” என்று பூனை படித்துவிடும். 3ஆம், 4ஆம் நாள் ஒரு விரலை மட்டும் எடுத்து, மேலே பெருவிரல், கீழே மெத்தைச் சதையில் சுட்டுவிரல் வைத்து மெல்ல அழுத்தி, நகம் வெளியே வந்ததும் விட்டுவிட்டு மீன். 5ஆம் நாள் பூனைக்கு ஒரு முழத் தூரத்தில் ஈர்க்கை வெட்டிச் சத்தம் காட்டி மீன். 6ஆம் நாள் வெட்டியை முகர விட்டு, ஒரு கையில் பூனையின் விரலும் மறுகையில் வெட்டியுமாக ஈர்க்கை மட்டும் வெட்டியாயிற்று. முதல் தடவை காதைத் திருப்பியது, நாலாவது தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

7ஆம் நாள் இரண்டு நகம். 8ஆம் நாள் மூன்று. 9ஆம் நாள் ஒன்றுகூட முடியவில்லை, பக்கத்து வளவில் வெடிச்சத்தம் கேட்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. அன்றைக்கு விட்டாயிற்று. 10ஆம் நாள் மீதி ஐந்து. முன்கால் பத்தும் முடிய நான்கு நாள் எடுத்தது தோல்வி போலத் தோன்றும். ஆனால் மூன்று கிழமை கழித்து அடுத்த சுற்றில் அதே பத்து நகமும் ஒரே இருப்பில் 6 நிமிடத்தில் முடிந்தது. ஒரே நாளில் 18 நகத்தையும் அமுக்கிப் பிடித்து வெட்டிய பூனை, அடுத்த முறை வெட்டியைக் கண்டதும் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

வெட்டும் நாளில் பூனையின் முதுகு நம் வயிற்றில் படும்படி மடியில் இருத்த வேண்டும், முகம் வெளிப்பக்கம். இடது முழங்கை அதன் விலாவோடு அணைந்திருக்கும், அமுக்காது. சன்னல் வெளிச்சம் முன்னால் இருக்க வேண்டும். மின்விசிறியைக் குறைத்துவிடுங்கள், மயிர் பறந்து நகத்தை மறைக்கும். காலைத் தூக்கி உயர்த்த வேண்டாம், பூனை வைத்திருக்கும் உயரத்திலேயே விரலைப் பிடியுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் மெல்ல அழுத்தியதும் நகம் மயிரை விலக்கிக்கொண்டு வழுக்கி வெளியே வரும். அடியில் பால்வெள்ளை, அதற்குள் இளஞ்சிவப்பு முக்கோணம், அதன் முனையிலிருந்து நுனிவரை கண்ணாடி மாதிரித் தெளிவு. தெளிவான பகுதி கீழ்நோக்கி மடங்கும் இடம்தான் கொக்கி. அலகை நகத்தின் நீளத்துக்குக் குறுக்காக அங்கே வைத்து, தயங்காமல் ஒரே அழுத்து. மெல்ல மெல்ல அழுத்தினால் நகம் நசுங்கும், பூனையும் காலை இழுக்கும். வெட்டின துண்டு அரிசிக் குறுணையைவிடப் பெரிதாக இருந்தால் கூட வெட்டுகிறீர்கள்.

கறுப்புப் பூனை என்றால் நகமும் கறுப்பு என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அதற்கும் நகம் தெளிவாகத்தான் இருக்கும். மங்கலாக இருந்தால் போன் டோர்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் உயிர்ச்சதை நிழலாகத் தெரியும். அப்படியும் தெரியவில்லையென்றால் அரை மில்லிமீற்றர் கூர் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மீன் கொடுப்பவர், மற்றவர் வெட்டுபவர். பிடிப்பதற்கு ஆள் வைத்தால் அந்த ஆள் தேவைக்கு மேல் அமுக்குவார். முரண்டு பிடிக்கும் பூனையைத் துவாயில் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கலாம். துவாய்க்குள்ளும் அது உறுமினால் அன்றைக்கு வேண்டாம். பிடரித் தோலில் தூக்கிப் பிடிப்பது தாய்ப்பூனை குட்டிக்குச் செய்வது. வளர்ந்த பூனைக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும். வால் நுனி சொடுக்கத் தொடங்குவது முதல் அறிகுறி, அடுத்தது காது பின்னால் படிவது, கண்மணி விரிவது. வால் சொடுக்கும்போதே “போதும்” என்று நிறுத்தினால் கடி வரைக்கும் போகாது.

இரத்தம் வந்தால் முதலில் காலை விடாதீர்கள், குரலையும் உயர்த்தாதீர்கள். விரல் நுனியில் சோள மாவைத் தொட்டு நக முனையில் வைத்து அழுத்தி, மேலே பஞ்சை வைத்து 3 நிமிடம் எடுக்காமல் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்து மறுபடி வரும். நிற்கவில்லையென்றால் சீனக்காரத் தூள் ஒரு சிட்டிகை. அது எரியும், அதனால்தான் இரண்டாவதாக. நின்ற பிறகு அரைமணி நேரமாவது மணல் முற்றத்துக்கு விட வேண்டாம். மலம் கழிக்க மணல் வைத்திருந்தால் அன்றைக்கு மட்டும் கிழித்த பத்திரிகைத் தாளைப் போடுங்கள், மணல் நகத்தில் ஒட்டிப் புண்ணாகும். அரைமணி தாண்டியும் கசிந்தால் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

நம் வீட்டில் கைக்கு எட்டும் இரண்டு பொருள் பூனைக்கு நஞ்சு. ஒன்று பனடோல். “வலிக்குமே” என்று அரைத் துண்டு கரைத்துக் கொடுத்தாலும் பூனை செத்துப்போகலாம், அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. மற்றது தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும் டெட்டோல் வகை. பூனை காலை நக்கும், நக்கியது வயிற்றுக்குப் போகும். கழுவ வேண்டுமென்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பு போதும்.

நமக்குக் கீறல் விழுந்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், கண் மதிப்பில் 15 நிமிடம் என்பது 2 நிமிடமாகத்தான் இருக்கும். விசர்நோய் இன்னும் இருக்கும் நாடு இது, பூனையாலும் அது வரும். கீறலானாலும் கடியானாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள், பூனைக்கு ஊசி போட்ட அட்டையையும் கொண்டுபோங்கள். பூனைக் கடி வெளியே ஊசித் துளையாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும், சீக்கிரம் சீழ் பிடிக்கும். வருடாந்த விசர்நோய்த் தடுப்பூசி போடாத பூனைக்கு நகம் வெட்டும் யோசனைக்கு முன் அந்த ஊசி.

நகம் வெட்டினால் பிறாண்டுவது நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூனை பிறாண்டுவது கோது கழற்ற, உடம்பை நீட்ட, பாதத்து வாசனையை விட்டுப்போக. அதற்கு ஒரு தூண் வேண்டும். கடுவனுக்குச் செய்த தூணின் அளவு: 110 மில்லிமீற்றர் பிவிசி பைப் 80 சென்ரிமீற்றர், 45 சென்ரிமீற்றர் சதுரப் பலகை, பைப்புக்குரிய மூடி இரண்டு, 8 மில்லிமீற்றர் தும்புக் கயிறு 35 மீற்றர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் கயிறு போகும். 70 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 87 சுற்று, அதாவது 32 மீற்றர். மிச்சம் முடிச்சுக்கு. மூடி ஒன்றைப் பலகையில் வாஷர் வைத்து 4 திருகாணியால் இறுக்கி, பைப்பைப் பசை போட்டு அதில் இறக்கி, காய்ந்த மணலை நிரப்பி மேல்மூடியை அடைத்தால் 10 கிலோவுக்குக் கிட்ட நிற்கும். ஆடும் தூணைப் பூனை ஒரு தரம்தான் தொடும், பிறகு கதிரைக்கே போகும். கயிறு சுற்றும்போது பத்துச் சுற்றுக்கு ஒருமுறை மரச்சுத்தியலால் கீழ்நோக்கித் தட்டி இறுக்க வேண்டும். நைலோன் கயிறு வேண்டாம், அதன் இழைகளில் நகம் மாட்டும். முதலில் தூணை மூலையில் வைத்தபோது கடுவன் அதைக் கவனிக்கவே இல்லை. அது பிறாண்டும் கதிரைக்குப் பக்கத்திலேயே வைத்த பிறகுதான் ஏறியது.

அக்கரைப்பற்றுப் பெட்டையின் கதை வேறு. 10 வயதுக்கு மேல் மூட்டு நோவால் பல பூனைகள் பிறாண்டுவதைக் குறைத்துவிடும். கோது கழலாமல் படைக்கு மேல் படை சேர்ந்து நகம் தடிக்கும், உள்ளே முழுதாக இழுபடாது. சீமெந்துத் தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பூனையில் சத்தம் கேட்டது முன்கால் நகங்களால். ஆனால் ஆபத்து சத்தமே போடாத கட்டைவிரல் நகத்தில் இருந்தது. வலது பக்கம் முக்கால் வட்டமாக வளைந்து, மெத்தைச் சதையில் ஒரு குழி விழும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. தோல் கிழியவில்லை, ஈரமோ நாற்றமோ இல்லை. அதனால்தான் வீட்டில் வெட்டினோம். நுனி சதைக்குள் ஏறியிருந்தால், வீங்கியிருந்தால், பூனை நொண்டினால் அது மிருக வைத்தியரின் வேலை. நாமே இழுத்து எடுத்தால் உள்ளே துண்டு தங்கிச் சீழ் வைக்கும்.

தடித்த நகத்தை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. வெளிப்படை ஓடாகப் பொரிந்து தெறிக்கும், உயிர்ச்சதையும் தெரியாது. முதலில் தளர்ந்திருந்த கோதை விரல் நகத்தால் மெல்ல நெம்பியபோது ஒரு படை தானாகக் கழன்றது. அதன் பிறகு நுனியிலிருந்து அரை மில்லிமீற்றர் படி மூன்று வெட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் வெட்டு முகத்தைப் பார்த்தபடி. வெள்ளையாகவும் உலர்ந்தும் இருக்கும்வரை தொடரலாம். நடுவில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி தோன்றினால் அதற்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது வெட்டில் புள்ளி தெரிந்தது, நிறுத்தியாயிற்று. குழியை உப்புத் தண்ணீர்ப் பஞ்சால் துடைத்து உலரவிட்டதில் 4 நாளில் சதை பழையபடி எழும்பியது.

கிழட்டுப் பூனைக்கு நகம் தடிப்பதோடு உடம்பு மெலிந்து, பசியும் தண்ணீர்த் தாகமும் கூடியிருந்தால் தைரொயிட் சோதனைக்குக் காட்ட வேண்டும். இந்தப் பெட்டைக்கு அப்படி எதுவும் இல்லை. வெட்டிய நகங்களைக் கலண்டரில் அந்தத் திகதிக்குக் கீழே குறித்து வந்தோம்: “மு.வ. 5, மு.இ. 5, பின் 2” (முன்கால் வலது 5, முன்கால் இடது 5, பின்கால் 2). 5ஆம் கிழமை பார்த்தபோது மற்ற நகங்கள் நல்லபடி இருந்தன, கட்டைவிரல் நகங்கள் மட்டும் மறுபடி அரைவட்டத்தை எட்டியிருந்தன. அவை இரண்டுக்கும் இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு தவணை.